அப்பாவுக்கு ஒரு கார்டியன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. உடம்பைப் பொறுத்தவரை இங்கே நான் சுகம், ஒரு கடைவாய்ப்பல் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் பிடுங்கியாயிற்று. நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் சுகமாக இருப்பதை ஞாயிற்றுக்கிழமை போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன், இருந்தாலும் கடிதம் என்று எடுத்தால் அதைக் கேட்காமல் மேலே போகக் கை வரவில்லை, ஆகவே கேட்கிறேன், சுகம்தானே? போன் இருக்கும்போது இந்த மனுஷர் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ சாப்பிட்டீங்களாப்பா என்பாய், நான் ஆச்சு என்பேன், பேரன் குறுக்கே புகுந்து தன் பொம்மை லாரியைக் காட்டுவான், நான் அதைப் பார்க்கும் ஆர்வத்தில் போனை எப்படியோ பிடித்து உங்களுக்கு என் வீட்டு விட்டத்தைக் காட்டிக்கொண்டிருப்பேன், அதற்குள் உன்னை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். நான் சொல்ல வந்திருப்பது கொஞ்சம் நீளம், பாதியில் நின்றால் தப்பாகப் புரிந்துபோகும். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி, அடுப்படியில் நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் வீட்டுச் சங்கதி. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னேன் இல்லையா, குழாய்க்காரர் வந்து பார்த்துவிட்டு, குழாய்ல ஒண்ணுமில்லீங்க, நீங்க அதை மூடுற வேகந்தான் கோளாறு என்று சொல்லி வாஷரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். உன் சித்தப்பாவுக்கு முழங்கால் வலி, வாய்க்கு மட்டும் ஒரு வலியும் இல்லை. நான் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு சாயங்காலம் காலேஜுக்குப் போவதைப் பார்த்தால் போதும், என்னண்ணே, டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டியா, அழாம இருப்பியா என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்கிறான். உன் அம்மா தைத்துக் கொண்டிருந்த அந்த ஜன்னலோர அறையைத்தான் படிக்கும் அறையாக வைத்திருக்கிறேன், வெளிச்சம் நன்றாக வருகிறது. எங்கள் பாடத்தில் நிறுவன அமைப்பு என்று ஒன்று வரும், மேலே ஒரு பெட்டி, அதன் கீழே பெட்டிகள், அதன் கீழே இன்னும் பெட்டிகள். நம் வீட்டுக்கு ஒருநாள் விளையாட்டாகப் போட்டுப் பார்த்தேன். தலைமை நிர்வாகி நான், கணக்குப் பிரிவு நான், கூட்டிப் பெருக்குகிறவன் நான், தொழிற்சங்கமும் நானே. கோரிக்கை வைக்க ஆள் இருக்கிறது, கேட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை. வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தேன், முடிக்கும்போது சிரிப்பு வரவில்லை, தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன்.

ஞாயிறுதோறும் நீ காலேஜ் எப்படிப் போகுது ஃபர்ஸ்ட் இயர் பையா என்று கேட்பாய், நான் பிரமாதம் என்பேன். அது பொய்யம்மா. கொஞ்ச காலமாக நான் வகுப்புக்குள் கால் வைக்கவில்லை. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நடந்ததை முறையாகச் சொல்கிறேன்.

இந்த வயதில் பி.பி.ஏ. எதற்கு என்று நீ கேட்டபோது உன்னிடம் ஒரு காரணம் சொன்னேன், அதுவும் உண்மைதான். ஆலையின் டைம் ஆபீசில், வாசல் கேட்டுக்குப் பக்கத்து அறையில், வேலைக்கு வருகிறவர்கள் போகிறவர்களைப் பதிவுசெய்தே என் காலம் போயிற்று. டை கட்டிக்கொண்டு நேற்றுப் படித்து முடித்த பிள்ளைகள் என்னைத் தாண்டிக் கண்ணாடி அறைக்குள் போவார்கள், கதவு மூடிக்கொள்ளும். உள்ளே அப்படி என்னதான் பேசிக்கொள்கிறார்கள் என்று ஒருநாளாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்ற குறுகுறுப்பு எனக்கு எப்போதும் உண்டு. ஓய்வு பெற்றதும் மாலைக் கல்லூரியில் வயது வரம்பு கிடையாது என்று தெரிந்தது, போய்ச் சேர்ந்துவிட்டேன். இன்னொரு காரணம் இருந்தது, அதை யாரிடமும் சொல்லவில்லை. உன் அம்மா போன பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட யாருமில்லை. கடைக்காரருக்கு நான் சார், சித்தப்பாவுக்கு அண்ணன், உனக்கு அப்பா. அவளுக்குக் கோபம் வந்தால் முழுப்பெயரையும் சொல்லிக் கத்துவாளே, நினைவிருக்கிறதா? கல்லூரியில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது தினமும் ஒருதடவை என் முழுப்பெயரை ஒருவர் சத்தமாகச் சொல்வார், நான் இருக்கிறேன் என்று பதில் சொல்வேன். சிரிக்காதே, அதற்காகவே நான் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பிப் போயிருக்கிறேன்.

ஆரம்பத்தில் எல்லாம் கலகலப்பாகத்தான் இருந்தது. முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றுவிட்டது, வாத்தியார் என்று நினைத்துவிட்டார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் ஒரே சிரிப்பு. எல்லாரும் பகலில் எங்கேயோ வேலை பார்க்கிற பிள்ளைகள், துணிக்கடை, கூரியர், போன் ரிப்பேர், ஒரு பெண் மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறவள். என்னை அங்கிள் என்பார்கள். அக்கவுன்ட்ஸ் எனக்குத் தகராறு, மருந்துக்கடைப் பெண்தான் கேன்டீனில் உட்கார்ந்து டெபிட் கிரெடிட் சொல்லிக் கொடுப்பாள், அங்கிள், நீங்க ரெண்டையும் ஒரே பக்கம் போட்டா கம்பெனி ஒரே நாள்ல கவுந்துடும் என்பாள். மார்க்கெட்டிங் வகுப்பில் ஒரு பேனாவைக் கொடுத்து இதை விற்றுக் காட்டுங்கள் என்றார்கள். என் முறை வந்தபோது, இது நல்ல பேனாதான், ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, எதற்கு வீண் செலவு என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அந்த வகுப்பு சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேன்.

அதை நானே கெடுத்துக்கொண்டேன். ஒருநாள் மாலை அக்கவுன்ட்ஸ் ஆசிரியர் அட்டெண்டன்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைப் பெண்ணின் பெயரைச் சொன்னதும் அவளுடைய தோழி குரலை மாற்றி பிரசன்ட் சார் என்றாள். வராதவர்களுக்காக வந்தவர்கள் இப்படிச் சொல்வது அங்கே சாதாரணம், ப்ராக்ஸி என்று பெயர், எனக்கும் தெரிந்த விஷயம்தான், பலதடவை காதில் விழுந்தும் விழாதது மாதிரி இருந்திருக்கிறேன். அன்றைக்கு நான் முந்தின ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, மேஜையில் சாய்ந்து அரைத் தூக்கம். அந்த நிலையில் ஒரு பெயர், வேறொரு ஆளின் குரல். ஆலையில் ஒருவனுடைய வருகைக் கார்டை மெஷினில் இன்னொருவன் அடித்தால் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது, கண்டுபிடிப்பதுதான் என் வேலை, என் சம்பளமே அதற்குத்தான். கண்ணைத் திறப்பதற்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். அந்த ஆள் உள்ளே இல்லீங்க, இது வேற ஆளு என்று கேட் வாசலில் கத்துகிற அதே குரலில் கத்தியிருக்கிறேன். கத்தி முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கு உறைத்தது. ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார், தோழியை எழுப்பினார், பிறகு மருந்துக்கடைப் பெண்ணின் பழைய வருகையையும் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

அவளுக்குக் கடையில் ஷிப்ட் மாறியிருந்ததாம், வாரத்தில் பாதி நாள் முதல் வகுப்புக்கு வந்து சேர முடியாது, அதைத்தான் தோழிகள் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் வெளியே வந்து அவளுக்கு வருகை குறைந்துபோயிற்று. மறுநாள் அவளிடம் போனேன், வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து நான் அங்கிள் இல்லை, செக்யூரிட்டி. செக்யூரிட்டி வரார், பேச்சை மாத்து என்று என் காதுபடவே சொல்வார்கள். நான் உட்கார்ந்த பெஞ்சில் பை மட்டும் என் பக்கத்தில் இருக்கும். போனில் வகுப்புக்கென்று ஒரு குழு இருந்தது, அது திடீரென்று அமைதியாகிவிட்டது, பிறகுதான் தெரிந்தது, என்னை விட்டுவிட்டு வேறு குழு ஆரம்பித்துவிட்டார்கள் என்று. ப்ராஜெக்டுக்கு நான்கு நான்கு பேராகப் பிரியச் சொன்னார்கள், எல்லாரும் பிரிந்து முடித்ததும் நான் மட்டும் நடுவில் நின்றேன், ஏலத்தில் போகாத பீரோ மாதிரி. ஆசிரியர் ஒரு குழுவைக் கூப்பிட்டு இவரையும் சேத்துக்குங்கப்பா என்றார். அந்தச் சேத்துக்குங்கப்பாவை என்னால் தாங்க முடியவில்லை அம்மா. ஆலை வாசலில் எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், துடைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன், வீட்டில் சொல்லிப் புலம்ப உன் அம்மா இருந்தாள். இப்போது வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால் நான் கிளம்பும்போது கழற்றிவிட்ட வீட்டுச் செருப்பு வைத்த இடத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வழக்கம்போலக் கிளம்புவேன், சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொள்வேன், சித்தப்பாவின் கிண்டலையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவேன், கல்லூரி வரைக்கும் போவேன். எதிர்ச்சாரியில் பஸ் நிறுத்தத்தில் பெஞ்ச் இருக்கிறது, அங்கே உட்கார்ந்துவிடுவேன். கல்லூரி மணி அடிப்பது அங்கே கேட்கும். இப்போது அட்டெண்டன்ஸ் எடுப்பார்கள், இப்போது என் பெயர் வரும் என்று நினைத்துக்கொள்வேன். பிள்ளைகள் வெளியே வருவதற்கு முன்னால் அடுத்த பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவேன். ஊர் உலகத்துக்கே வருகை எழுதின ஆளுக்கு வருகை போதவில்லை என்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. கார்டியனோடு வந்து துறைத்தலைவரைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று ஒரு பெண் குரல் ஒப்பித்தது. நான் யாரென்று அதற்குத் தெரியாது பாவம், உங்க பையனையும் கூட்டிட்டு வாங்க சார் என்று வேறு சொன்னது.

போனேன், தனியாகத்தான். துறைத்தலைவர் அறைக்கு வெளியே வராந்தாவில் நீள பெஞ்ச், வருகை குறைந்த பிள்ளைகள் எல்லாம் அம்மா அப்பாவோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு இடம்தான் காலி, அது மருந்துக்கடைப் பெண்ணின் அம்மாவுக்குப் பக்கத்தில். அந்தப் பெண் என்னைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள். அம்மாவுக்கு விஷயம் ஒன்றும் தெரியாது போல, பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்த சந்தோஷத்தில், உங்க பையன் எந்த வருஷங்க, ஆளைக் காணோமே என்றார். நான்தாங்க அந்தப் பையன் என்றேன். அந்த அம்மா திகைத்துப்போய் மகளைப் பார்த்தார், மகள் அடக்கி அடக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். எனக்கு அந்தச் சிரிப்பே போதும் என்று இருந்தது. தூக்கக் கலக்கத்துல பழக்க தோஷம்மா, உன்னைக் கெடுக்கணும்னு இல்ல என்று சொன்னேன். எனக்குக் கோவம் இன்னும் போகல அங்கிள் என்றாள். ஆனால் அங்கிள் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, உங்களுக்கு யாரு வந்திருக்காங்க என்று கேட்டாள். யாருமில்லை என்றேன். அவள் அம்மாவின் காதில் ஏதோ குசுகுசுத்தாள், பிறகு என் பக்கம் குனிந்து, எங்கம்மா வேணா உங்களுக்கும் சேத்துப் பேசட்டுமா, தூரத்துச் சொந்தம்னு சொல்லிக்கலாம் என்றாள். பார்த்தாயா, எனக்கே ப்ராக்ஸி. என் தொழில் புத்தி உடனே முடியாது என்று எழுந்து நிற்கப் பார்த்தது, நல்லவேளை இந்தமுறை உட்கார்ந்தே சொன்னேன். வேண்டாம்மா, எனக்குச் சொந்தமா ஒருத்தி இருக்கா என்றேன்.

துறைத்தலைவருக்கு உன் வயதுதான் இருக்கும். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார், அவருக்குத்தான் என்னைவிடச் சங்கடம். தப்பா எடுத்துக்காதீங்க சார், ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான், வீட்டுப் பெரியவங்க யாராவது வந்து இவர் இனிமே ஒழுங்கா வருவார்னு ஒரு வார்த்தை சொல்லணும் என்றார். எங்க வீட்டுல இருக்கிற ஒரே பெரியவன் நான்தாங்க என்றேன். அவர் சிரித்துவிட்டு, பெரியவங்கன்னு இல்ல, உங்களுக்காகக் கேள்வி கேக்குறவங்க யாராவது என்றார். தம்பி ஒருவன் இருக்கிறான், ஆனால் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனால் அவன் கல்லூரி முதல்வரிடமே டிபன் பாக்ஸ் கதையை ஆரம்பித்துவிடுவான், அது உனக்குத் தெரியும். எனக்காகக் கேள்வி கேட்கிற ஆள் யார் என்று யோசித்தால் உன் முகம்தான் வருகிறது. நீ பள்ளிக்கூடத்தில் யாரையோ கிள்ளிவிட்டாய் என்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்களே, நான் வேலை உடுப்போடு வந்து தலையை ஆட்டிவிட்டு உன்னைக் கூட்டி வந்தேனே, அதுமாதிரி நீ வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டும். மகள் தகப்பனுக்குக் கார்டியனாக இருக்கக் கூடாது என்று அங்கே எந்த ரூலும் இல்லையாம், கேட்டுவிட்டேன். மறுபடி வகுப்புக்குப் போகத்தான் போகிறேன், செக்யூரிட்டி என்றாலும் சரி, அங்கிள் என்றாலும் சரி. இந்தப் பட்டம் எனக்கு வேண்டும்.

என் கண் ஆபரேஷன் சமயத்தில் நீ வரட்டுமாப்பா என்று கேட்டாய், எதுக்கு அலைச்சல், நீ வேலையைப் பாரு என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகு, இல்ல, நான் வரத்தான் போறேன் என்று நீ திரும்பக் கூப்பிடுவாய் என்று ரொம்ப நேரம் போன் பக்கத்திலேயே இருந்தேன். நீ கூப்பிடவில்லை, உன்மேல் தப்பில்லை, நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நம்புகிற பெண்ணாக உன்னை வளர்த்தவன் நானே. ஆனபடியால் இந்தமுறை சுற்றி வளைக்காமல் வா என்று எழுதுகிறேன். லீவு கேட்கும்போது அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லாதே, காலேஜில் அப்பாவைப் பற்றிப் புகார் வந்திருக்கிறது என்று உண்மையைச் சொல், சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். உன் கீழே வேலை பார்க்கிற அந்தப் புதுப் பெண்ணிடம் ரொம்பக் கடுகடுப்பதாகச் சொன்னாயே, எல்லார் முன்னாலும் எதையும் கேட்காதே, தனியாகக் கூப்பிட்டுக் கேள், இது புத்தகத்தில் படித்ததல்ல. காலைச் சாப்பாட்டைக் காரில் சாப்பிடாதே. மாப்பிள்ளையின் முதுகுவலிக்கு நாற்காலியை மாற்றச் சொல், அவர் கேட்க மாட்டார், நீயே மாற்றிவிடு. பேரனோடு வீட்டில் தமிழில் பேசுங்கள், அவன் லாரியைப் பற்றிச் சொல்வதில் பாதி எனக்குப் புரியவில்லை, புரிந்த மாதிரி தலையாட்டித் தலையாட்டிக் கழுத்து வலிக்கிறது.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் முகம் கோணாமல், கையில் எடுத்ததெல்லாம் துலங்கி நிறைவாக வாழ வேண்டும் என்று அப்பா மனதார ஆசீர்வதிக்கிறேன், உன் அம்மாவின் பங்கையும் சேர்த்து.

ஒன்று மட்டும் எழுத மறந்துவிட்டேன். மறக்கவில்லை, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நீ தூரத்தில் இருக்கிறாய் என்றதும் துறைத்தலைவர், அப்படின்னா நேர்ல வர வேண்டாம் சார், போன்ல ரெண்டு வார்த்தை பேசினா போதும், இப்பவே போடுங்க என்று தன் போனையே எடுத்து நீட்டினார். உன் எண் எனக்கு மனப்பாடம். இருந்தும் நான்தான், இல்லைங்க, நேர்லயே வருவா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உன் அப்பா